ஏர் ரைஃபிளுக்கு கம்மி விலையில நல்ல பைபாட் பாத்து வாங்குறது எப்படி?

ஏர் ரைஃபிள் கையில வந்த கொஞ்ச நாள்லயே எல்லாருக்கும் வர்ற அடுத்த ஆசை பைபாட்தான், அதாவது துப்பாக்கியோட முன்பக்கத்துல மாட்டுற ரெண்டு காலு தாங்கி. வீடியோவுல பாத்தா ரெண்டு காலையும் விரிச்சு வச்சுட்டு படுத்துக்கிட்டு அசையாம சுடுறாங்க, நாமளும் ஒண்ணு மாட்டிட்டா அஞ்சு பெல்லட்டும் ஒரே ஓட்டையில போயிடும்னு தோணும். பைபாட் நெஜமாவே ஒதவும். ஆனா எந்த துப்பாக்கிக்கு, எதுக்காக, எந்த எடத்துல மாட்டப்போறோம்னு பாக்காம ஆன்லைன்ல கண்ணுல பட்டத ஆர்டர் போட்டா காசு போனது போனதுதான். பாண்டி, கடலூர் பக்கம் இதுக்குள்ள புதுசா வர்றவங்க பெரும்பாலும் காலேஜ் பசங்க, இப்பதான் வேலைக்குப் போக ஆரம்பிச்ச தம்பிங்க, துப்பாக்கி வாங்குனதுலயே பட்ஜெட் முடிஞ்சிருக்கும், அவங்கள மனசுல வச்சுதான் இத எழுதுறேன்.

என் கருத்த மொதல்லயே சொல்லிடுறேன். லைசென்ஸ் தேவைப்படாத 4.5 மிமீ ஏர் ரைஃபிளுக்கு வெல ஒசந்த பைபாட் தேவையே இல்ல. பெரிய தோட்டா ரைஃபிள் குடுக்குற ஒதைய தாங்குறதுக்குன்னு செஞ்ச பைபாடுக்கு அந்த வெல, நம்ம துப்பாக்கில அந்த ஒதையே கெடையாது. ஆயிரத்துல இருந்து மூவாயிரத்துக்குள்ள கெடைக்கிறதுலயே நல்லதா ஒண்ணு பொறுக்கிடலாம், பாக்க வேண்டியது மூணே விஷயம்: உங்க துப்பாக்கில ஒழுங்கா உக்காருதா, மூட்டுல ஆட்டம் இருக்கா, பக்கவாட்டுல சாய்க்க முடியுமா. மிச்சம் இருக்குற காசுல பின்னாடி வைக்க ஒரு பை தச்சுக்கோங்க, நல்ல பெல்லட் நாலு டப்பா வாங்கிக்கோங்க, குரூப், அதாவது பேப்பர்ல ஓட்டைங்க சேந்து விழுற வட்டம், சின்னதாகுறது அதுலதான்.

எதுக்கு வேணும்னு முதல்ல முடிவு பண்ணுங்க

உங்க ஆசை போட்டிக்குப் போகணும், 10 மீட்டர் ஏர் ரைஃபிள் சுடணும்னா பைபாட் பத்தி யோசிக்கவே வேணாம். அது நின்னுக்கிட்டே சுடுற போட்டி, துப்பாக்கிய கையும் ஒடம்பும்தான் தாங்கணும், முட்டு குடுக்க அனுமதி இல்ல. நம்ம கடலூர்ல பொறந்த இளவேனில் வாலறிவன் 2019-ல ரியோ உலகக்கோப்பையில தங்கம் வாங்குனது இந்த 10 மீட்டர்லதான். அவங்களப் பாத்து ஆசப்பட்டு வர்ற பசங்க பைபாட் காச எடுத்து வச்சு கிளப் ஃபீஸுக்கும் பெல்லட்டுக்கும் போடுங்க, நின்னு சுடுற நிலைய ஒரு கோச்சுக்கிட்ட கத்துக்கோங்க. படுத்து சுடுற 50 மீட்டர் போட்டியிலயும் கையில மாட்டுற ஸ்லிங் பெல்ட்டுதான், பைபாட் கெடையாது. பைபாடுக்குன்னே இருக்குறது எஃப் கிளாஸ்ல எஃப்-டிஆர்னு ஒரு பிரிவு, அது தூரமா சுடுற தோட்டா ரைஃபிள் சமாச்சாரம், இப்போதைக்கு நமக்கு வேணாம்.

அப்ப யாருக்குத்தான் பைபாட்? ஸ்கோப்ப ஜீரோ பண்ணணும், அதாவது ஸ்கோப் குறியும் பெல்லட் விழுற எடமும் ஒண்ணா வர்ற மாதிரி செட் பண்ணணும், எந்த பெல்லட் நம்ம பேரலுக்கு ஒத்துப்போகுதுன்னு பாக்கணும், ட்ரிக்கர் இழுக்குறத மட்டும் தனியா பழகணும், 25, 50 மீட்டர்ல பேப்பர்லயும் தகர டப்பாலயும் நிதானமா சுட்டு ரசிக்கணும், இவங்களுக்கு எல்லாம் பைபாட் நல்ல சாமான். கை நடுக்கம் இருக்குற பெரியவங்களுக்கும் ரொம்ப ஒதவும்.

உங்க துப்பாக்கி ஸ்பிரிங்கா, பிசிபியா?

இந்த ஒரு கேள்விக்கு பதில் தெரியாம பைபாட் வாங்கவே கூடாது, அதனால இத கொஞ்சம் விரிவாவே சொல்றேன்.

நம்ம ஊர்ல முதல் துப்பாக்கியா பெரும்பாலும் வாங்குறது ஸ்பிரிங் ரைஃபிள், பேரல மடக்கி லோடு பண்ணுற டைப். ட்ரிக்கர் இழுத்ததும் உள்ள இருக்குற கனமான பிஸ்டன் முன்னாடி பாயும், அந்த வேகத்துல துப்பாக்கி பின்னாடி வரும், பிஸ்டன் கடைசில காத்துல மோதி நிக்கும்போது துப்பாக்கி மறுபடி முன்னாடி இழுக்கும். இது ரெண்டும் நடக்குற நேரத்துல பெல்லட் இன்னும் பேரல விட்டே போயிருக்காது. அதனால ஒவ்வொரு தடவையும் துப்பாக்கி ஒரே மாதிரி அசைய விட்டாத்தான் பெல்லட்டும் ஒரே எடத்துக்குப் போகும். அனுபவம் உள்ளவங்க ஸ்பிரிங் ரைஃபிள இறுக்கிப் பிடிக்காம உள்ளங்கையில சும்மா உக்கார வச்சு சுடுறது இதுக்குத்தான், ஆர்ட்டிலரி ஹோல்டுன்னு சொல்லுவாங்க. அந்த ரைஃபிளுக்கு பைபாட் மாட்டி சிமெண்ட் தரையிலயோ கெட்டியான டேபிள்லயோ வச்சீங்கன்னா காலு ரெண்டும் துள்ளும், துள்ளுறது ஒரு தடவை மாதிரி இன்னொரு தடவை இருக்காது, கையில பிடிச்சு சுட்டத விட குரூப் பெருசாகிடும். நெறைய பேரு பைபாட் மாட்டினப்பறம் ஸ்கோப் கெட்டுப்போச்சுன்னு நெனச்சு ஸ்கோப்ப மாத்திக்கிட்டு கெடக்குறது இதனாலதான்.

இன்னொரு தொல்லையும் இருக்கு. மடக்குற ரைஃபிள்லயும் அடியில லீவர் இருக்குற ரைஃபிள்லயும் ஸ்டாக்கோட, அதாவது பேரல தாங்குற மர இல்ல ப்ளாஸ்டிக் ஒடம்போட, முன்பக்க அடியில நீளமா ஒரு பள்ளம் விட்டிருப்பாங்க, லோடு பண்ணும்போது அந்தக் கம்பி வந்துபோற வழி அது. பைபாட் மாட்ட வேண்டிய எடமும் சரியா அதேதான். அங்க ஓட்டை போட்டு ஸ்க்ரூ வச்சா கம்பி இடிக்கும். வேற வழியில்லன்னு பேரல்ல கவ்வுற பைபாட மாட்டினா, ஒவ்வொரு தடவை மடக்கும்போதும் அது குறுக்க வரும், பேரலையும் ஒரு பக்கமா அழுத்திக்கிட்டே இருக்கும். அதனால ஸ்பிரிங் ரைஃபிள் வச்சிருக்குறவங்களுக்கு நான் சொல்றது ஒண்ணுதான், பைபாட் வாங்காதீங்க. முன்னாடி ஒரு மெத்துன்னு பை, அது மேல உங்க உள்ளங்கை, அதுக்கு மேல துப்பாக்கி, இப்படி வச்சு பழகுங்க, செலவும் கம்மி, குரூப்பும் நல்லா வரும்.

பிசிபி, அதாவது ப்ரீ-சார்ஜ்டு நியூமேட்டிக், கதையே வேற. சிலிண்டர்ல ஏற்கனவே அழுத்தி அடச்ச காத்து, வழக்கமா 200 பார் சுத்துவட்டாரத்துல, அதுல கொஞ்சத்த வால்வு தொறந்து விடுது அவ்ளோதான். உள்ள பாயுற கனமான பிஸ்டன் கெடையாது, ஒதையும் இல்லன்னே சொல்லலாம். பைபாட்ல வச்சா அப்படியே படுத்துக் கெடக்கும். இனிமே பைபாட் பத்தி எழுதுறது எல்லாம் பிசிபி வச்சிருக்குறவங்களுக்கு.

சட்டமும் எடமும்

2016 ஆயுத விதிகள்படி 20 ஜூலுக்கு மேல போகாத, 4.5 மிமீ அதாவது .177 அளவுக்கு மேல போகாத ஏர் ரைஃபிளுக்கு லைசென்ஸ் வேணாம். அதுக்கு மேல போனா ஆயுதச் சட்டத்துக்குள்ள வந்துடும். வாங்குன பில்ல பத்திரமா வச்சுக்கோங்க, துப்பாக்கிய எடுத்துட்டுப் போகும்போது பையில போட்டு மூடி எடுத்துட்டுப் போங்க, அதுவும் பாண்டி-கடலூர் ரோட்டுல ரெண்டு பக்கமும் செக்போஸ்ட் இருக்கு, வெளிய தெரியுற மாதிரி வண்டில வச்சுட்டுப் போனா நிறுத்தி விசாரிக்கத்தான் செய்வாங்க. பறவ, அணில், முயல் எதையும் சுடாதீங்க, 1972 வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம் இருக்கு, பறவைகள் சரணாலயமா இருக்குற ஊசுடு ஏரி பக்கம் துப்பாக்கியோட சுத்துறதே வேணாம். மொட்டை மாடியில இருந்தும் சுடாதீங்க. 4.5 மிமீ பெல்லட் தவறிப்போனா 300 மீட்டரத் தாண்டிக்கூட போய் விழும், பாண்டி தெருவுல 300 மீட்டர்க்குள்ள எத்தனை வீடு இருக்குன்னு யோசிச்சுப் பாருங்க. சொந்த தோப்பு, பின்னாடி ஆள் ஒசரத்துக்கு மண் மேடு, அந்தப் பக்கம் ஆள் நடமாட்டம் கெடையாதுன்னு உறுதி, இது இருந்தா சுடுங்க, இல்லன்னா கிளப்புக்குப் போங்க.

எங்க மாட்டப்போறீங்க?

பைபாட் வாங்குறதுல தொண்ணூறு சதவீத குழப்பம் இங்கதான். துப்பாக்கிய தலகீழா திருப்பி டேபிள் மேல ஒரு துண்ட விரிச்சு வைங்க, ஸ்டாக்கோட முன்பக்க அடியில என்ன இருக்குன்னு பாருங்க.

சின்னதா ஒரு இரும்பு மொட்டு, குறுக்க ஒரு ஓட்டையோட நீட்டிக்கிட்டு இருந்தா அது ஸ்விவல் ஸ்டட். தோள்பட்டை பெல்ட் மாட்ட வச்சது, ஹாரிஸ்ங்கிற அமெரிக்க கம்பெனி டைப் பைபாட் எல்லாம் இதுலதான் மாட்டும். ரெண்டு தாடை மாதிரி இருக்குற கொக்கி அந்த ஓட்டையில ரெண்டு பக்கமும் கவ்வும், கீழ இருக்குற நட்ட திருகினா பைபாட் ஸ்டாக்கோட ஒட்டி இறுகும்.

பல்லு பல்லா வெட்டி வச்ச பட்டை இருந்தா அது பிக்கட்டினி ரெயில். அகலம் சுமாரா 21 மிமீ வரும், ஆன்லைன்ல 20 மிமீ ரெயில்னு போட்டிருக்குறது இதத்தான். இதே மாதிரியே இருக்குற வீவர்னு ஒண்ணு இருக்கு, அதுல பள்ளம் கொஞ்சம் குறுகலா இருக்கும், பிக்கட்டினிக்கு செஞ்ச பைபாடோட குறுக்குக் கம்பி சில சமயம் வீவர் பள்ளத்துல எறங்காது, வீவருக்கு செஞ்சது பிக்கட்டினில உக்காரும் ஆனா கொஞ்சம் முன்ன பின்ன ஆடும். ஸ்கோப் மாட்டுற எடத்துல மேல இருக்குற 11 மிமீ டவ்டெயில பாத்துட்டு நம்மகிட்ட ரெயில் இருக்குன்னு பைபாட் ஆர்டர் போட்டவங்க உண்டு, அது வேற இது வேற, அங்க பைபாட் மாட்டுற வேலையே கெடையாது. எம்-லாக்னு நீளவாக்குல துளை இருந்தா அதுல போடுறதுக்கு சின்ன ரெயில் துண்டு தனியா விக்கிது, அது மேல பைபாட் மாட்டிக்கலாம்.

அடியில ஒண்ணுமே இல்லாம வழவழன்னு மரமோ ப்ளாஸ்டிக்கோ இருந்தா என்ன பண்றது? மர ஸ்டாக்கா இருந்தா ஸ்டட் ஒண்ணு வாங்கி திருகிடலாம். நல்ல ஆசாரிக்கிட்டயோ லேத் பட்டறையிலயோ குடுங்க, தட்டாஞ்சாவடி, மேட்டுப்பாளையம் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட் பக்கம் பட்டறைக்குப் பஞ்சமே இல்ல. ஸ்டாக்க துப்பாக்கில இருந்து தனியா கழட்டி வெறும் ஸ்டாக்க மட்டும் எடுத்துட்டுப் போங்க. துப்பாக்கியோட சேத்து ஓட்டை போடவே கூடாது, உள்ள 200 பார் காத்து இருக்குற சிலிண்டர் இருக்கு, ட்ரில் பிட்டு அதத் தொட்டுச்சுன்னா உயிருக்கே ஆபத்து. நடுக்கோடு பாத்து ஸ்க்ரூவோட தண்ட விட கொஞ்சம் சின்ன பிட்டுல முதல் ஓட்டை போடச் சொல்லுங்க, இல்லன்னா மரம் பொளந்துடும். ப்ளாஸ்டிக் ஸ்டாக் பெரும்பாலும் உள்ள காலியா இருக்கும், அதுல வெறும் ஸ்க்ரூ நிக்காது, உள்பக்கம் வாஷரும் நட்டும் போட்டு இறுக்கணும்.

பேரல்லயோ காத்து சிலிண்டர்லயோ கவ்வுற க்ளாம்ப் டைப் பைபாட்தான் இருக்குறதுலயே மலிவு, அதத்தான் நான் வேணாம்னு சொல்றேன். பேரல கவ்வினா துப்பாக்கியோட கனம் பூராவும் பேரல் மேல எறங்கும், நீங்க தோள்பட்டையால கொஞ்சம் அழுத்தினா ஒரு எடம், அழுத்தலன்னா ஒரு எடம்னு பெல்லட் போகும். சிலிண்டர கவ்வுறதும் அதே கதைதான், நெறைய பிசிபில பேரலும் சிலிண்டரும் முன்னாடி ஒரு வளையத்தால சேந்திருக்கும், ஒண்ண அழுத்தினா இன்னொண்ணும் நகரும்.

ஒசரம்

கடையில 6-9 இன்ச், 9-13 இன்ச், 13-க்கு மேலன்னு மூணு அளவா வரும். டேபிள்ல வச்சு சுடவும் தரையில படுத்து சுடவும் 6-9 போதும். எவ்ளோ தாழ்வா இருக்கோ அவ்ளோ ஸ்திரம், காலு நீள நீள ஆட்டம் கூடும், மலிவு பைபாட்ல அது ரொம்பவே தெரியும். அடியில காத்து பாட்டில் தொங்குற மாதிரி டிசைன் இருந்தா, இல்ல முன்பக்கம் பள்ளமா போற எடத்துல படுத்து சுடுறவங்களா இருந்தா 9-13 பாருங்க. சம்மணம் போட்டு ஒக்காந்து சுடலாம்னு பெரிய சைஸ் வாங்காதீங்க, அந்த வெலயில கெடைக்கிறது எல்லாம் குச்சி காலு, தொட்டாலே ஆடும்.

ஒக்காந்து சுடணும்னா நம்ம ஊர்லயே அருமையான வழி இருக்கு. கடலூர் கரையோரம் பூரா சவுக்குத்தோப்புதான், நேரா இருக்குற கழியா ரெண்டு வாங்கி, மேல இருந்து ஒரு ஜாண் விட்டு பழைய சைக்கிள் ட்யூப கிழிச்சு இறுக்கிக் கட்டுங்க, விரிச்சா மேல ஒரு கவட்டை வரும், அதுல துணி சுத்திட்டு துப்பாக்கிய சாச்சு சுடலாம். நீளம் உங்க ஒசரத்துக்கு ஏத்த மாதிரி வெட்டிக்கலாம், நின்னு சுடக்கூட செஞ்சுக்கலாம். ஸ்பிரிங் ரைஃபிள்காரங்களுக்கும் இது ஒத்துவரும், கவட்டையில கைய வச்சு கை மேல துப்பாக்கிய வச்சுக்கணும்.

சாய்க்கிற வசதி இல்லன்னா வாங்காதீங்க

தரை எங்கயுமே மட்டமா இருக்காது. ரெண்டு காலுல ஒண்ணு ஒரு கல்லு மேலயும் இன்னொண்ணு பள்ளத்துலயும் நின்னா துப்பாக்கி ஒரு பக்கமா சாயும், ஸ்கோப்ல ப்ளஸ் குறி சாஞ்சே தெரியும். கொஞ்சம்தானேன்னு விட்டுடுவோம். கணக்குப் போட்டுப் பாருங்க, நொடிக்கு 250 மீட்டர் வேகத்துல போற பெல்லட் 50 மீட்டர் போறதுக்குள்ள சுமாரா 25 செ.மீ கீழ எறங்குது, அத சரிக்கட்டத்தான் பேரல் லேசா மேல பாத்த மாதிரி ஸ்கோப்ப செட் பண்றோம். துப்பாக்கி 5 டிகிரி சாஞ்சா, மேல பாத்துக்கிட்டு இருந்த அந்த பேரல் பக்கவாட்டுல பாக்க ஆரம்பிச்சிடுது, பெல்லட் 2 செ.மீக்கு மேல ஒரு ஓரமா போயிடும். 25 மீட்டர்ல இதே சாய்வுக்கு அரை செ.மீ அளவு வரும். அரை செ.மீ கம்மின்னு தோணலாம், நல்ல பிசிபியோட முழு குரூப்பே 25 மீட்டர்ல அதுக்கும் கொஞ்சம் கூடதான் இருக்கும்.

அதனால காலு ரெண்டும் தரையில நின்னுக்கிட்டு இருக்கும்போதே துப்பாக்கிய மட்டும் எடது வலது சாய்ச்சு நிமித்துற வசதி இருக்கணும். ஹாரிஸ் மாடல் பேர்ல எஸ்னு எழுத்து இருந்தா சாய்க்கலாம்னு அர்த்தம், எம்னு இருந்தா காலுல காடி வெட்டி இருக்கும், ஒவ்வொரு காடியிலயும் காலு பூட்டிக்கும். அமெரிக்காவுல செய்யுற ஒரிஜினல் ஹாரிஸ் இங்க வந்து சேரும்போது வெல எங்கயோ போயிடுது, ஆனா அதே டிசைன பாத்து செஞ்சதுதான் இங்க சல்லிசா கெடைக்கிற பெரும்பாலான பைபாட், அதனால இந்த ரெண்டு வசதியும் இருக்கான்னு விளம்பரத்துல தேடிப் பாருங்க. காடி இருக்குற காலு நல்லது, ரெண்டு காலையும் ஒரே அளவுக்கு நீட்டுறது சுலபம், சும்மா ஸ்க்ரூவால இறுக்குற காலு மலிவு சரக்குல மெதுவா வழுக்கி எறங்கும். பக்கவாட்டுல திருப்புற வசதி, அதாவது பேன், இருந்தா நல்லது இல்லன்னாலும் பரவால்ல, ஒரே டார்கெட்டத்தானே பாக்கப்போறோம்.

கையில வந்ததும் பாக்க வேண்டியது

ஆன்லைன்ல வாங்குனா ரிட்டர்ன் நாள் முடியுறதுக்குள்ள இத எல்லாம் பாத்துடுங்க, பெட்டிய கிழிக்காம வைங்க. துப்பாக்கில மாட்டுறதுக்கு முன்னாடியே கண்ணாடி டேபிள்லயோ க்ரானைட் மேடையிலயோ காலு விரிச்சு நிக்க வைங்க. தலப்பகுதிய ரெண்டு விரலால பிடிச்சு முன்ன பின்ன ஆட்டுங்க. எல்லா பைபாடும் லேசா அசையும், ஆனா லொடக் லொடக்னு சத்தம் வந்தா ரிவிட் லூசு, அத சரிபண்ண முடியாது, திருப்பி அனுப்புங்க. போல்ட்டு நட்டு போட்ட மூட்டா இருந்தா இறுக்கிக்கலாம், அதனால ரிவிட் அடிச்சத விட போல்ட்டு போட்டத எடுக்குறது புத்திசாலித்தனம். ரெண்டு காலையும் முழுசா நீட்டி பக்கத்துல பக்கத்துல வச்சு நீளம் ஒண்ணா இருக்கான்னு பாருங்க. காலு பூட்டிக்கிட்டதும் மேல இருந்து உள்ளங்கையால உங்க கனத்த கொஞ்சம் குடுத்து அமுக்குங்க, எறங்குதுன்னா வேணாம். அலன் கீ போட்டு எல்லா ஸ்க்ரூவையும் ஒரு சுத்து சுத்திப் பாருங்க, மரை தேஞ்ச ஸ்க்ரூ இருந்தா அப்பவே தெரிஞ்சிடும். சாய்க்கிற மூட்டுக்கு இறுக்குற திருகு இருந்தா நல்லது, அது கைக்கு எட்டுற எடத்துல இருந்தா இன்னும் நல்லது.

கனம் 300-ல இருந்து 500 கிராம் வரைக்கும் வரும், அது ஒண்ணும் பிரச்சனை இல்ல.

கடல்காத்து, மணல்

மத்த ஊர்க்காரங்க கவலப்படாத ஒரு விஷயத்த நாம பாத்தே ஆகணும். இங்க காத்துலயே உப்பு இருக்கு. மலிவு பைபாட்ல ஒடம்பு அலுமினியமா இருந்தாலும் ஸ்பிரிங்கும் ஸ்க்ரூவும் சாதா இரும்பு, வெளிய தொங்குற அந்த ரெண்டு ஸ்பிரிங்குதான் முதல்ல துரு பிடிக்கும், அதுவும் ஐப்பசி, கார்த்திகை மழைக்குள்ள. வாங்குன அன்னைக்கே லேசா எண்ணெய் தொட்ட துணியால ஸ்பிரிங்க துடைங்க, ஒவ்வொரு தடவை சுட்டு முடிச்சதும் காஞ்ச துணி, அப்பறம் எண்ணெய்த் துணி. சொட்டச் சொட்ட எண்ணெய் விடாதீங்க, மணல் போய் ஒட்டிக்கிட்டு காலு உள்ள அறுக்க ஆரம்பிச்சிடும். அலுமினியத்துல எறங்குற இரும்பு ஸ்க்ரூவ எப்பவாவது கழட்டி கொஞ்சம் க்ரீஸ் தடவி மாட்டுங்க, இல்லன்னா ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு பிடிச்சுக்கும்.

காலுக்கு அடியில இருக்குற ரப்பர் நம்ம பக்கத்து மணல்ல ஒரு பக்கமா பொதையும். ஒரு அடி அகலத்துக்கு ப்ளைவுட் துண்டு, அது மேல மடிச்ச கோணி, அதுல காலு வைங்க. சிமெண்ட் தரையிலயும் டைல்ஸ்லயும் கெட்டி ரப்பர் வழுக்கும், அங்கயும் அந்தக் கோணியே போதும். ரப்பர் தொலஞ்சுட்டா மெடிக்கல் ஷாப்ல கைத்தடிக்குப் போடுற ரப்பர் புஷ் கெடைக்கும், அளவு பாத்து வாங்குனா சரியா உக்காரும்.

பின்னாடி பை

பைபாட் பத்தி பேசுறவங்க இத சொல்லாம விட்டுடுறாங்க, எனக்கு அதுதான் ஆதங்கம். பைபாட் முன்பக்கத்தத்தான் பிடிக்குது, பின்பக்கம் பட், அதாவது ஸ்டாக்கோட பின் முனை, உங்க தோள்ல இருக்கு, தோளு மூச்சு விடும்போது அசையுது. பைபாடுக்கும் பட்டுக்கும் நடுவுல சுமாரா 65 செ.மீ இருக்கும்னு வைங்க, பின்னாடி ஒரே ஒரு மில்லிமீட்டர் அசஞ்சா 25 மீட்டர்ல கிட்டத்தட்ட 4 செ.மீ தள்ளிப்போகும். முன்னாடி எவ்ளோ வெல பைபாட் போட்டாலும் இந்த ஒரு மில்லிமீட்டர அது தடுக்காது.

பழைய ஜீன்ஸ் பேண்ட்டோட கீழ்க்காலு ஒரு ஜாண் நீளம் வெட்டி டைலர்கிட்ட குடுத்து ஒரு பக்கம் ரெட்டைத் தையல் போடச் சொல்லுங்க, வீட்டுல பழசு இல்லன்னா பாண்டி எம்.ஜி ரோடு சண்டே மார்க்கெட்டுல சல்லிசா கெடைக்கும். முக்கால்வாசி மட்டும் நெரப்பணும், நெறைய அடச்சா கல்லு மாதிரி ஆயிடும், கைக்குள்ள பிசைய வராது. உள்ள என்ன போடுறதுன்னா சலிச்சு வெயில்ல நல்லா காய வச்ச ஆத்து மணல். கடற்கரை மணல் வேணவே வேணாம், உப்பு ஈரத்த இழுத்துக்கிட்டே இருக்கும், பட்டுல இருக்குற ஸ்க்ரூ வரைக்கும் துரு ஏறும். அரிசி போட்டா வண்டு வரும். கனம் வேணாம்னா பீன் பேக்ல போடுற தெர்மாகோல் உருண்டை போடலாம்.

வலது கையால ட்ரிக்கர் இழுக்குறவங்க எடது கைய பட்டுக்கு அடியில கொண்டுவந்து இந்தப் பைய பிடிங்க. ஸ்கோப்ல குறி கீழ இருக்கணும்னா பைய அமுக்குங்க பட் மேல ஏறும், மேல போகணும்னா பிடிய தளத்துங்க. ஒரு வாரம் பழகினா தானா வந்துடும்.

மாட்டி சுட்டுப் பாக்குறது

காலைல சீக்கிரம் போங்க. பதினோரு மணிக்கு மேல கடல்காத்து எழும்ப ஆரம்பிச்சா மணிக்கு 10 கி.மீ வேகத்துக்கே 25 மீட்டர்ல பெல்லட்ட 2 செ.மீ தள்ளிடும், அப்ப பைபாட் நல்லதா கெட்டதான்னு எப்படிக் கண்டுபிடிப்பீங்க?

பைபாட் மாட்டி நட்ட கையால இறுக்குங்க, ஸ்பானர் போட்டு முறுக்காதீங்க, மர ஸ்டாக் நசுங்கிடும். கண்ணுக்கு பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கோங்க. முதல்ல பைபாட் இல்லாம, முன்னாடியும் பை பின்னாடியும் பை வச்சு 25 மீட்டர்ல அஞ்சு பெல்லட் சுடுங்க, அதே மாதிரி இன்னும் ரெண்டு பேப்பர். அப்பறம் பைபாட் மாட்டி பின்னாடி பையோட அதே மூணு பேப்பர். பைபாட்ல சுடும்போது தோளால லேசா முன்னாடி தள்ளிக்கோங்க, மூட்டுல இருக்குற சின்ன ஆட்டம் அந்தத் தள்ளுல அடங்கிடும். பிசிபிக்கு லேசா தள்ளினா போதும், ஆனா ஒவ்வொரு தடவையும் அதே அளவுதான் தள்ளணும், ஒரு தடவை அழுத்தி ஒரு தடவை விட்டு சுட்டா மேல கீழ கோடு மாதிரி போகும்.

இப்ப பேப்பர பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாருங்க. ரெண்டுலயும் குரூப் ஒரே அளவு, ஆனா பைபாட்ல சுட்டது மொத்தமா ஒரு பக்கம் நகந்திருக்குன்னா பைபாட் நல்லாதான் இருக்கு, ஸ்கோப்ப திருப்பி ஜீரோ பண்ணிக்கோங்க, அதுக்கப்பறம் பைபாடோடயே சுடுங்க, கழட்டி சுட்டா குறி மாறும்னு ஞாபகம் வச்சுக்கோங்க. குரூப் மேல கீழ நீண்டிருந்தா பின்னாடி பைய பாருங்க, இல்ல தள்ளுற அளவு மாறுது. எடது வலது நீண்டிருந்தா முதல்ல காத்து, அடுத்து சாய்வு, அதுக்கும் அப்பறம் பைபாட் தல மூட்டு. ரெண்டும் இல்லாம நாலா பக்கமும் செதறினா ஸ்டட்டோ ரெயிலோ ஸ்டாக்குல லூசா இருக்கு, பைபாட கழட்டிட்டு அந்த ஸ்க்ரூவ இறுக்கிட்டு மறுபடி மூணு பேப்பர் சுடுங்க, அதுக்கும் சரியாகலன்னா ரிட்டர்ன் போட்டுடுங்க.